ஒரே உறையில் மூன்று கத்திகள்

கேள்வி: பல வருடங்களாக ஒரே என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) அணியின் ரசிகன் நான். போன சீசனில் அறுபது ஆட்டங்களுக்கு மேல் தோற்றோம். கையில் மிச்சம் இருப்பது மூன்று இளம் ஃபார்வர்டுகள் (முன்வரிசை ஆட்டக்காரர்கள்)தான். யாருக்கும் இருபத்திரண்டு வயது தாண்டவில்லை; மூவரும் ஆறடி எட்டு அங்குலத்துக்கு மேல். ஒருவர் பந்தைத் தன் கையிலேயே வைத்து ஆடுகிறவர். இன்னொருவர் தூரத்திலிருந்து குறி பார்த்துப் போடுகிறவர். மூன்றாமவர் ஓடுவார், குதிப்பார், யாரையும் தடுப்பார், ஆனால் ஷாட் மட்டும் கிடையாது. மூவரையும் சேர்த்து இறக்கினால் ஆட்டம் திணறுகிறது. 'ஒரே உறையில் இரண்டு கத்தியே நிற்காது, மூன்று எப்படி நிற்கும்' என்கிறான் என் நண்பன். ஒருவரை ட்ரேட் செய்வதுதான் (வேறு அணிக்குக் கொடுத்து மாற்று வாங்குவதுதான்) வழியா? கூடவே ஒரு சின்னக் கேள்வி: யாருடைய ஜெர்ஸியை வாங்கலாம்?

பதில்: அணியின் பெயரையும் எழுதியிருந்தீர்கள். வேண்டுமென்றேதான் எடுத்துவிட்டேன். என்.பி.ஏ.வில் ட்ரேட் நடக்கிற வேகத்துக்கு, இந்த இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் மூவரில் ஒருவர் வேறு ஊர்ச் சட்டையில் நிற்கலாம். தவிர, இது உங்கள் அணிக்கு மட்டும் வந்த கஷ்டமும் இல்லை. தோற்கிற அணிகளுக்கெல்லாம் வருவதுதான்.

டிராஃப்டில் (புதிய வீரர்களை அணிகள் முறைவைத்து எடுப்பது; தோற்ற அணிகளுக்கு முன்னுரிமை) உங்கள் முறை வரும்போது 'நமக்கு எந்த இடம் காலி' என்று யாரும் பார்ப்பதில்லை. மிச்சம் இருப்பவர்களில் கெட்டிக்காரர் யாரோ அவரை எடுப்பார்கள். எடுக்கவும் வேண்டும். இரண்டு மூன்று வருடம் வரிசையாகத் தோற்று அப்படி எடுத்துக்கொண்டே போனால், ஒரு நாள் திரும்பிப் பார்க்கும்போது வீடு முழுக்க ஃபார்வர்டாக இருக்கும்.

உங்கள் நண்பர் கட்சிக்கு ஒரு பலமான சாட்சி உண்டு. அதை நானே சொல்லிவிடுகிறேன்: ஃபீனிக்ஸ் சன்ஸ். 2016 டிராஃப்டில் நான்காவதாக டிராகன் பெண்டரை எடுத்தார்கள். அன்று இரவே ஒரு ட்ரேட் செய்து எட்டாவது இடத்தில் போன மார்க்கீஸ் கிரிஸையும் வாங்கினார்கள். இருவருமே பவர் ஃபார்வர்டு, அதாவது ஒரே இடத்துக்கான ஆட்கள். அடுத்த வருடம் மறுபடி நான்காவது இடம், ஜாஷ் ஜாக்சன், இன்னொரு ஃபார்வர்டு. 82 ஆட்டங்களில் அந்த அணி ஜெயித்த கணக்கு வருடா வருடம் 24, 21, 19. 2019 கோடை முடிவதற்குள் மூவருமே அங்கே இல்லை.

'பார்த்தீர்களா, ஒரே இடத்துக்கு இத்தனை பேர் என்றால் இதுதான் கதி' என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதே ஃபீனிக்ஸின் அடுத்த கதையைப் பாருங்கள். மிகல் பிரிட்ஜஸ் 2018-இல் பத்தாவது இடம், கேம் ஜான்சன் 2019-இல் பதினொன்றாவது இடம். இருவரும் ஏறக்குறைய ஒரே அச்சு: நீளக் கை, தூர ஷாட், ஓயாத ஓட்டம். கத்திக் கணக்குப்படி இவர்கள்தான் முதலில் உரசியிருக்க வேண்டும். 2020-21 சீசனில் அந்த அணி 72 ஆட்டங்களில் 51 ஜெயித்து, இறுதிச் சுற்றுவரை போய், மில்வாக்கியிடம் 4-2 என்று தோற்றது.

என்ன மாறியது? பெண்டரும் கிரிஸும் வந்தபோது பந்தைக் கொண்டுவந்து கொடுக்க ஆள் இல்லை. அணியின் நட்சத்திரம் டெவின் புக்கருக்கே அப்போது இருபது வயது, அவரே கற்றுக்கொண்டிருந்தார். மூன்று சீசனுக்குள் மூன்று கோச் மாறினார்கள். பிரிட்ஜஸும் ஜான்சனும் ஆடியபோது புக்கர் முழு ஆளாக வளர்ந்திருந்தார், கூடவே பந்தைக் கொண்டுவந்து கொடுப்பதில் கைதேர்ந்த கிறிஸ் பால் வந்து சேர்ந்திருந்தார். அந்த இரண்டு ஃபார்வர்டுகளுக்கும் பந்து அதிகம் தேவைப்படவில்லை. வரும்போது போட்டால் போதும். ஃபார்வர்டுகள் சேரவில்லை என்று நாம் புலம்புகிற பாதி நேரம் உண்மையில் குறைவது ஒரு நல்ல கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவர்). இது என் கட்சி, உங்கள் நண்பர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஆகவே மூவரும் ஒரே உயரமா, ஒரே பொசிஷனா என்பதை விடுங்கள். ஒருவர் கையில் பந்து இருக்கும்போது மற்ற இருவர் எங்கே நிற்கிறார்கள்? அதைப் பாருங்கள்.

அடுத்த ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை, பந்தைப் பார்க்காமல் கார்னரை (ரிங் இருக்கும் பக்கத்து மூலையை) பாருங்கள். உங்கள் பந்துக்காரர் மேலிருந்து இடப்பக்கமாக உள்ளே நுழைகிறார். ஷாட் இல்லாத அந்தப் பையன் வலது கார்னரில் நிற்கிறார். அங்கிருந்து ரிங்குக்கு 22 அடி. அவரைக் காவல் காக்க வேண்டியவர் அவர் பக்கத்தில் இருக்கிறாரா? இருக்க மாட்டார். ஒரு காலை பெயிண்டுக்குள் (ரிங்குக்கு எதிரே வண்ணம் பூசிய கட்டம்) வைத்து, ஒரு கையை நீட்டி, கார்னருக்கு முக்கால் முதுகு காட்டி நிற்பார். யாரையும் நெருங்கிக் காக்காமல் உள்ளே மூன்று விநாடிக்கு மேல் நின்றால் தப்பு என்பதால், காலை வெளியே எடுப்பார், மறுபடி வைப்பார், எடுப்பார். அவருடைய கோச் அதைப் பார்த்துச் சும்மாதான் இருப்பார். கார்னர் பையன் போடட்டும் என்பதுதான் அவர்கள் ஆசையே.

உள்ளே நுழைந்தவர் ஓர் ஆளைத் தாண்டி வந்தால், அங்கே இன்னோர் ஆள். பந்தை வெளியே தள்ளுகிறார். ஷாட் கிளாக்கில் (ஷாட் போட அணிக்கு உள்ள நேரம்) 24 விநாடி ஓடி ஓடி 6 ஆகிவிட்டது. ஷூட்டர் அவசர அவசரமாக எறிகிறார், பந்து ரிம்மில் பட்டுத் தெறிக்கிறது. டிவியில் அது ஷூட்டரின் தவறாகத் தெரியும். தவறு கார்னரில் பிறந்தது.

அதற்காக அந்தப் பையனைத் துரத்த வேண்டும் என்று அர்த்தமில்லை. கார்னரிலிருந்து எடுத்தால் போதும். பந்துக்காரருக்கு ஸ்கிரீன் போட்டுவிட்டு (அவரைக் காப்பவரின் வழியை உடம்பால் மறித்துவிட்டு) ரிங்கை நோக்கி ஓடச் சொல்லலாம். பேஸ்லைன் (ரிங்குக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோடு) ஓரமாக, ரிங்குக்குப் பக்கத்தில் ஒளிந்து நிற்கச் சொல்லலாம். ஆரோன் கார்டனை நினைவிருக்கிறதா? 2014-இல் நான்காவதாக ஆர்லாண்டோ எடுத்த வீரர். அங்கே அவரைப் பந்து பிடித்து ஆடுகிற நட்சத்திரமாக்கப் பார்த்தார்கள், சரிப்பட்டு வரவில்லை. 2021 மார்ச்சில் டென்வருக்குப் போனார். அங்கே நிகோலா யோகிச் பந்தை வைத்துக்கொண்டு கண்ணைக் காட்டுவார், கார்டன் பின்னாலிருந்து வெட்டிப் போய் டங்க் செய்வார், எதிரணியின் முரட்டு ஆளைத் தடுப்பார். 2023-இல் கோப்பை. அதே உடம்பு, அதே குதிப்பு, வேலை மட்டும் வேறு.

சரி, ட்ரேட் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஒரு எளிய கணக்கு. ஓர் ஆட்டம் 48 நிமிடம். ஃபார்வர்டு இடங்கள் இரண்டு. மொத்தம் 96 நிமிடம். மூன்று பேருக்குப் பிரித்தால் தலா 32. என்.பி.ஏ.வில் ஒரு முக்கிய வீரர் ஆடுகிற நேரமே ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது மூவரும் ஒரு நிமிடம்கூட ஒன்றாக ஆடாமலேயே மூவருக்கும் முழு வேலை கொடுக்கலாம். ஒவ்வொரு ஜோடிக்கும் 16 நிமிடம் கிடைக்கும். எந்த ஜோடி சேர்கிறது, எது சேரவில்லை என்பது ஒரு சீசனில் தானாகத் தெரிந்துவிடும். மூவரையும் ஒன்றாக ஆரம்ப ஐவரில் இறக்குவது உங்கள் கோச்சின் விருப்பம், அதற்கு அந்தப் பையன்கள் என்ன செய்வார்கள்!

டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் இதை நன்றாகச் செய்தது. 2023-இல் ஐந்தாவதாக அவுஸார் தாம்ப்ஸன். 2024-இலும் ஐந்தாவது இடம்தான் விழுந்தது, ரான் ஹாலண்ட் வந்தார். இருவருமே ஓட்டமும் தடுப்பும் பிரமாதம், தூர ஷாட் சுமார். இடைப்பட்ட 2023-24 சீசனில் அந்த அணி ஜெயித்தது 14 ஆட்டம். தொடர்ந்து 28 தோல்வி என்ற கொடுமையும் அப்போதுதான். இருவரில் யாரையும் அவர்கள் விற்கவில்லை. டோபியாஸ் ஹாரிஸ், டிம் ஹார்டவே ஜூனியர், மாலிக் பீஸ்லி என்று சுற்றிலும் போடத் தெரிந்த அனுபவசாலிகளைக் கொண்டுவந்தார்கள். ஹாலண்ட் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து வந்தார். அடுத்த சீசனில் 44 வெற்றி.

ஆர்லாண்டோ கதை உங்களுடையதற்கு இன்னும் நெருக்கம். பாவ்லோ பான்கெரோ 2022-இன் முதல் தேர்வு, ஃபிரான்ஸ் வாக்னர் அதற்கு முந்தைய வருடம் எட்டாவது. இருவரும் ஆறடி பத்து, இருவருக்கும் பந்து கையில் வேண்டும். சேர்ந்து ஆடிய முதல் சீசனில் 34 வெற்றி, அடுத்ததில் 47. 2024-25-இல் இருவருக்குமே வயிற்றின் வலப்பக்கத் தசை கிழிந்தது, ஒருவருக்கு அக்டோபரில், இன்னொருவருக்கு டிசம்பரில். ஒற்றுமை என்றால் இப்படியா! அந்த வருடம் மூன்று பாயிண்ட் ஷாட் சதவீதத்தில் அந்த அணிக்கு லீக்கிலேயே கடைசி இடம். 2025 கோடையில் அவர்கள் ஒரு ஃபார்வர்டை விற்றிருக்கலாம். அதற்குப் பதிலாக டிராஃப்டின் நான்கு முதல் சுற்றுத் தேர்வுகளை வாரிக் கொடுத்து, மெம்ஃபிஸிலிருந்து டெஸ்மண்ட் பேன் என்ற ஷூட்டிங் கார்டை வாங்கினார்கள். விலை அதிகம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் பிரச்சினை எங்கே இருந்தது என்று சரியாகப் பார்த்திருக்கிறார்கள்.

எப்போதுமே விற்க வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் சுற்றில் வந்த பையனின் முதல் ஒப்பந்தம் நான்கு வருடம். மூன்றாவது சீசன் முடிந்ததும் அடுத்த ஒப்பந்தப் பேச்சு தொடங்கிவிடும். அதுவரை சம்பளம் குறைவு, பொறுத்துப் பார்க்கலாம். அதற்குப் பிறகு மூவருக்கும் உச்சச் சம்பளம் கொடுப்பது எந்த அணிக்கும் எளிதல்ல. டொராண்டோ 2021-22-இல் நீளக் கைக்காரர்களாகவே நிரப்பி ஆடி 48 ஜெயித்தது. அந்தக் கூட்டம் பிரிந்ததற்கு ஒப்பந்தக் கெடுவும் ஒரு முக்கியக் காரணம்: ஒப்பந்தம் முடியும் தறுவாயில் 2023 டிசம்பரில் ஓ.ஜி. அனுனோபி போனார், 2024 ஜனவரியில் பாஸ்கல் சியாகம் போனார், இளையவரான ஸ்காட்டி பார்ன்ஸ் மிஞ்சினார்.

அப்படி ஒரு நாள் வந்து ஒருவரை அனுப்பியே தீர வேண்டும் என்றால், யாரை? ஷாட் இல்லாதவரை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். பந்து கையில் இல்லாதபோது யார் சும்மா நிற்கிறாரோ அவரை. பல அணிகளில் அது அதிக பாயிண்ட் எடுக்கிற ஆளாகவே இருக்கும், அதனால்தான் மேனேஜருக்குக் கை வராது. தோற்கிற அணியிலும் யாராவது ஒருவர் 20 பாயிண்ட் எடுத்துத்தானே ஆக வேண்டும், அந்த எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். உங்கள் பந்துக்காரர் பாஸ் கொடுத்த பிறகு என்ன செய்கிறார்? இடுப்பில் கை வைத்து நிற்கிறாரா, ஸ்கிரீன் போடப் போகிறாரா? இருபது வயதில் இடுப்பில் கை வைத்தால் மன்னிக்கலாம். இருபத்து மூன்றிலும் அதே கை அதே இடுப்பில் இருந்தால் கவலைப்படுங்கள்.

பாஸ்டனில் ஜேலன் பிரவுனையும் ஜேசன் டேட்டமையும் பிரித்துவிடுங்கள் என்று வருடக்கணக்கில் சொன்னார்கள். அடுத்தடுத்த வருடங்களில் மூன்றாவது தேர்வாக வந்த இருவர். 2024-இல் கோப்பையை வாங்கினார்கள், இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் பிரவுன். டேட்டம் வந்து அப்போது ஏழு சீசன் ஆகியிருந்தது. உங்கள் நண்பரிடம் இதையும் சொல்லிப் பாருங்கள்.

ஜெர்ஸி கேட்டீர்கள். அடுத்த ஒப்பந்தத்தில் ஒருவர் கையெழுத்துப் போடும்வரை பொறுப்பது புத்திசாலித்தனம். பெண்டர், கிரிஸ் சட்டைகளை ஆசையாக வாங்கிய ஃபீனிக்ஸ் ரசிகர்களைக் கேட்டால் காரணம் சொல்வார்கள். இல்லை, இப்போதே வேண்டும் என்றால் அந்த ஷூட்டருடையதை வாங்குங்கள். ட்ரேட் ஆனாலும் ஆகலாம். ஆனால் போகிற இடத்திலும் அவருக்கு ஆட இடம் இருக்கும்.