225 டிகிரி என்ற எண் தரும் பொய்த் தைரியம்

கேள்வி: மன்னார்குடி அருகே தவிட்டு எண்ணெய் ஆலையொன்றின் கிடங்கில் பணிபுரிகிறேன். தவிட்டிலிருந்து எண்ணெயைப் பிரிக்கப் பயன்படும் ஹெக்சேன் என்ற கரைப்பானுக்கான பாதுகாப்புத் தகவல் தாளில் ஃபிளாஷ் பாயின்ட் மைனஸ் 22 டிகிரி என்றும், தானாகப் பற்றிக்கொள்ளும் வெப்பநிலை 225 டிகிரி என்றும் உள்ளது. சித்திரை வெயிலிலும் கொட்டகை 42 டிகிரியைத் தாண்டாததால் பயமில்லை என்கிறார் மேற்பார்வையாளர். காலி டிரம்களை வெட்டித் தொட்டியாக்கச் சிலர் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: 225 டிகிரி என்பது தீப்பொறியே இல்லாமல், வெறும் சூட்டினால் ஆவி பற்றிக்கொள்ளும் நிலை. உமி எரியும் கொதிகலனின் சூடான இரும்புப் பரப்புகளை மதிப்பிட அந்த எண் உதவும், கொட்டகைக்கு உதவாது. கொட்டகையில் பார்க்க வேண்டியது மைனஸ் 22 என்ற ஃபிளாஷ் பாயின்ட்தான், அதாவது பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி வெளிவரத் தொடங்கும் வெப்பநிலை. நம் மார்கழிக் குளிரில்கூட, திறந்து வைத்த ஹெக்சேன் ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவியை விட்டுக்கொண்டேயிருக்கிறது என்பதே அதன் பொருள். ஃபிளாஷ் பாயின்ட் 23 டிகிரிக்குக் குறைவான பெட்ரோலியப் பொருள்களை நம் சட்டம் ‘ஏ’ வகுப்பில் வைக்கிறது. பெட்ரோலும் அதே வகுப்புதான்.

அடுத்து, காற்றில் ஆவியின் அளவு ஏறத்தாழ 1.1 முதல் 7.5 சதவீதத்துக்குள் இருந்தால்தான் அது எரியும். நிறைந்த டிரம்முக்குள் ஆவி இதைவிட மிகுதியாக இருப்பதால் உள்ளே எளிதில் பற்றாது. காலி டிரம்மில்தான் ஆபத்து அதிகம். 200 லிட்டர் டிரம்மை வெடிக்கும் நிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 12 மில்லி ஹெக்சேன் ஆவியானால் போதும். கவிழ்த்து வடித்த பிறகும் அடிவிளிம்பு மடிப்பில் அவ்வளவு தங்கிவிடும். ஹெக்சேன் தண்ணீரில் கரையாததால், அலசி ஊற்றினால் போய்விடும் என்று நம்பவும் கூடாது. ஆகவே தொட்டியாக்கக் கேட்பவர்களுக்கோ, வெட்டித் தரும் வெல்டிங் பட்டறைக்கோ கொடுக்காதீர்கள். மூடியை இறுக்கி, விற்றவரிடமே திருப்பி அனுப்புங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஹெக்சேன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது. தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். திரவமோ தண்ணீரில் மிதக்கும். 1981 பிப்ரவரியில் அமெரிக்காவின் லூயிவில் நகரில், சோயா ஆலையொன்றிலிருந்து சாக்கடைக்குள் போன ஹெக்சேன், ஒரு காரின் பொறியால் வெடித்துத் தெருக்களையே பிளந்தது. டெல்டாவில் மழைக்காலத்தில் ஆலை வடிகாலும் வெளி வாய்க்காலும் ஒன்றாகிவிடுவது வழக்கம் என்பதால், சிந்தியது எங்கே போகும், அந்த வழியில் கொதிகலனோ மோட்டார் சுவிட்சோ இருக்கிறதா என்பதை மேற்பார்வையாளரோடு நடந்து பார்த்து, ஐப்பசிக்கு முன் வடிகாலில் தடுப்புத் தொட்டி கட்டச் சொல்லுங்கள்.