கிணற்று நீர் கெட்டதற்கு அரசைக் கேட்க முடியுமா?

கேள்வி: பாலாற்றங்கரையில் எங்கள் ஊர். வயல் கிணற்றிலும் வீட்டு ஆழ்துளைக் கிணற்றிலும் தண்ணீர் பல வருடமாகவே உப்புதான். ஆனால் சென்ற புரட்டாசி முதல் வாரத்தில் மழை பெய்தபோது, தோல் பதனிடும் ஆலைகள் பக்கமிருந்து வரும் ஓடையில் நுரை பொங்கி வந்தது. அதன் பிறகு கிணற்று நீர் மஞ்சளாகிவிட்டது, நாற்றமும் அடிக்கிறது. பிள்ளைகளுக்குக் கை கால்களில் அரிப்பும் புண்ணுமாக இருக்கிறது. குறைதீர்க்கும் நாளில் பலமுறை மனு கொடுத்தேன். ‘உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது’ என்று மட்டுமே பதில் வருகிறது. இப்போது மாசி மாதம் ஆகிவிட்டது. என் கொழுந்தனார் அந்த ஆலைகளில் ஒன்றில்தான் வேலை செய்கிறார். ஆலையை மூடச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. கண்டுகொள்ளாத அரசைக் கேட்க வழி இருக்கிறதா? வக்கீலுக்குக் கொடுக்க வசதி இல்லை.

பதில்: வழி இருக்கிறது, சகோதரி. ஆனால் முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010-இன் 14-ஆம் பிரிவின்படி, பிரச்சினை முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் அந்தத் தீர்ப்பாயத்தை அணுகியாக வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை தாமதத்தை மன்னிக்கலாம். அதற்கு மேல் தீர்ப்பாயமே விரும்பினாலும் முடியாது. புரட்டாசி முதல் வாரத்திலிருந்து எண்ணினால் பங்குனி தொடக்கத்தில் உங்கள் 6 மாதம் முடிகிறது. மனு கொடுத்துக்கொண்டிருந்த காலம் இந்தக் கணக்கிலிருந்து கழியாது. ‘கலெக்டர் ஆபீஸில் மனு நிலுவையில் இருந்தது’ என்று சொல்லிக்கொண்டு காலம் கடந்து வருகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அந்த மனுக்கள் அலுவலகத்துக்கு அவகாசம் வாங்கிக் கொடுத்தனவே தவிர, மனுதாரருக்கு ஒரு நாளும் வாங்கிக் கொடுக்கவில்லை.

நட்ட ஈடும், கெட்ட நிலத்தையும் நீரையும் சீர்செய்வதும் 15-ஆம் பிரிவில் வரும். அதற்கு 5 ஆண்டு அவகாசம் உண்டு. ஆகவே உப்பு நீரால் சில வருடமாக விளைச்சல் குறைந்ததையும் கேட்கலாம். ஆனால் ஓடையில் கழிவு வருவதை இப்போது நிறுத்த வேண்டும் என்ற கோரிக்கைக்கு 6 மாதக் கணக்குதான்.

இனி உங்கள் மனுக்கள். நீங்கள் அனுப்பியிருந்த நகல்கள் எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: ‘தக்க நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ இந்த வரியால் அரசு அலுவலகத்தில் யாருக்கும் எந்தச் சங்கடமும் வராது. ஒரு கடிதத்தை அடுத்த மேசைக்கு அனுப்புவதும் நடவடிக்கைதான். அரசைப் பதில் சொல்ல வைக்க வேண்டுமானால், எந்த அதிகாரி எந்தச் சட்டப்படி எதைச் செய்யக் கடமைப்பட்டவரோ, அதை மட்டும் அவர் பெயருக்கே எழுதிக் கேட்க வேண்டும். உயர் நீதிமன்றம் அரசியல் சட்டத்தின் 226-ஆவது பிரிவில் செயலுறுத்தும் நீதிப்பேராணை (அதிகாரியைக் கடமையைச் செய்யச் சொல்லும் ஆணை) பிறப்பிக்கும் முன், கடமையைச் செய்யச் சொல்லிக் கேட்டீர்களா, மறுத்தார்களா அல்லது வாளாவிருந்தார்களா என்றுதான் பார்க்கும். ‘தக்க நடவடிக்கை’ என்று கேட்டிருந்தால், எது மறுக்கப்பட்டது என்று காட்ட முடியாது.

இதில் இன்னொரு குழியும் இருக்கிறது. வழக்குப் போட்டவுடன் அரசுத் தரப்பு வழக்கறிஞர் எழுந்து, ‘மனுவைப் பரிசீலிக்கச் சொல்கிறோம்’ என்பார். மனுவைத் தகுதியின் அடிப்படையில் சட்டப்படி பரிசீலித்து இத்தனை வாரத்தில் முடிவெடுக்கவும் என்று ஓர் ஆணை வரும். ஊரில் வெற்றி என்று பேசிக்கொள்வார்கள். இரண்டு மாதம் கழித்து, ‘பரிசீலிக்கப்பட்டது, விதிமீறல் காணப்படவில்லை’ என்று ஒரு தாள் வீட்டுக்கு வரும். நீதிமன்ற ஆணை நிறைவேறிவிட்டது. உங்கள் கிணறு அப்படியே இருக்கும். அத்தகைய ஆணைக்கு உங்கள் தரப்பு ஒருபோதும் சம்மதிக்கக் கூடாது.

என்னென்ன கேட்பது? தண்ணீர்ச் சட்டம், 1974 மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு நிறைய அதிகாரம் கொடுத்திருக்கிறது. 21-ஆம் பிரிவில் கழிவுநீர் மாதிரி எடுக்கலாம். 33-ஏ பிரிவில் ஆலைக்கு மின்சாரத்தைத் துண்டிக்கவும் உத்தரவிடலாம். பலருக்குத் தெரியாத ஒன்று 25-ஆம் பிரிவின் 6-ஆவது உட்பிரிவு. ஒவ்வொரு ஆலைக்கும் என்னென்ன நிபந்தனையோடு இசைவாணை, அதாவது வாரியத்தின் அனுமதி, கொடுக்கப்பட்டது என்று வாரியம் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். அந்தக் கழிவுநீரால் பாதிக்கப்படும் எவரும் அலுவலக நேரத்தில் அதைப் பார்வையிடலாம். கிணறு கெட்டுப்போன நீங்கள் ‘பாதிக்கப்பட்டவர்’ இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு கடிதம் எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள். ஆலை ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனை அந்தப் பதிவேட்டிலேயே இருந்தால், ஓடையில் நுரை எப்படி வந்தது என்பதற்கு வாரியம்தான் பதில் சொல்ல வேண்டும்.

கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போடுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை’ என்று கேட்காதீர்கள். காரணம் சொல்வது தகவல் அல்ல என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் அந்த ஓடையில் எந்தெந்தத் தேதியில் மாதிரி எடுக்கப்பட்டது, ஆய்வறிக்கை நகல், ஆலைகளுக்கு அனுப்பிய விளக்கம் கோரும் அறிவிப்புகளின் நகல், உங்கள் மனு எண்ணைக் குறிப்பிட்டு அதன் மீதான கோப்புக் குறிப்புகளின் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். மாதிரியே எடுக்கவில்லை என்று பதில் வந்தால் வருத்தப்படாதீர்கள். உங்கள் வழக்கில் அதைவிட வலுவான ஆவணம் கிடைப்பது கடினம்.

அடுத்து உங்கள் தண்ணீர். ‘மஞ்சள் நிறம், நாற்றம்’ என்பது நீதிமன்றத்தில் வெறும் வருணனை, எண் வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். குரோமியம் போன்ற உலோகத்தைப் பார்க்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லி, பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் அதற்கு முன்கூட்டி அமிலம் சேர்க்க வேண்டும். மற்றச் சோதனைகளுக்கு இரண்டு லிட்டர் புதுக் கேன் போதும். மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் கேனை மூன்று முறை அலசி, விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். தேதி, நேரம், சர்வே எண் எழுதி ஒட்டி, வார்டு உறுப்பினரையும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரையும் கையெழுத்துப் போடச் சொல்லிப் புகைப்படம் எடுத்துவிடுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 10500 தரப்படி குடிநீரில் கரைந்துள்ள மொத்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 2,000 வரை. குரோமியம் 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தோலைக் கெடாமல் வைக்கப் போடும் உப்பும், பதனிடப் பயன்படும் குரோமியமும்தான் இந்தத் தொழிலின் அடையாளங்கள். அறிக்கையில் இரண்டும் எகிறியிருந்தால் மேலே அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

பிள்ளைகளின் அரிப்பு அந்தத் தண்ணீரால்தான் வந்தது என்று அரசு மருத்துவர் எழுதித் தருவாரா? பெரும்பாலும் தரமாட்டார், அவரைக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். ஓ.பி. சீட்டுகளைத் தேதி வரிசையில் வைத்திருங்கள், போதும். காரணத்தைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் இல்லை. அதைச் சொன்ன தீர்ப்பு உங்கள் ஆற்றங்கரையிலிருந்தே பிறந்தது.

சட்டக் கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடம் தொடங்குவதே பாலாற்றில்தான். தோல் ஆலைக் கழிவை எதிர்த்து வேலூர் மக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. அறிவியல் முழு உறுதி தரும்வரை அரசு கைகட்டிக் காத்திருக்கக் கூடாது என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. தன் தொழில் சுற்றுச்சூழலைக் கெடுக்கவில்லை என்று காட்டும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது என்றும் சொன்னது. இழப்பை மதிப்பிடத் தனி ஆணையமே அமைக்கப்பட்டு, 2001-இல் நட்ட ஈட்டை நிர்ணயித்து அதன் ஆணை வந்தது. அப்படியும் ஆறு தெளியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு மீண்டும் இதே பாலாற்றுக்காக உத்தரவிட வேண்டியிருந்தது. நட்ட ஈடு கிடைக்காமல் விடுபட்டவர்களுக்கு அரசே முதலில் கொடுத்துவிட்டு, பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்றது அந்த அமர்வு. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கச் சொன்னது. வழக்கை முடித்துவிடாமல் தொடர் கண்காணிப்பிலும் வைத்தது. தொழிலதிபர்கள் சட்டத்தை மீறினார்கள் என்பது பாதிக் கதைதான். 28 ஆண்டுக்கு மேல் மீற முடிந்ததற்கு மீதிப் பாதியைச் சொல்ல வேண்டியவர்கள் அரசு அலுவலகங்களில் இருக்கிறார்கள்.

உங்கள் சர்வே எண் அந்தப் பழைய நட்ட ஈட்டுப் பட்டியலில் இருந்ததா, பணம் வந்ததா என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். மாமனார் பெயரில் இருக்கலாம்.

பசுமைத் தீர்ப்பாயமா, உயர் நீதிமன்றமா? உங்கள் விஷயத்துக்குச் சென்னையில் உள்ள தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வையே சொல்வேன். நட்ட ஈடு கேட்காத விண்ணப்பத்துக்குக் கட்டணம் 1,000 ரூபாய். நட்ட ஈடு கேட்டால் கேட்கும் தொகையில் 1 சதவீதம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. ஓர் அரசாணையோ விதியோ செல்லாது என்று அறிவிக்க வேண்டுமானால்தான் உயர் நீதிமன்றம். உங்கள் குறை விதியில் இல்லை. அதை யாரும் நடைமுறைப்படுத்தவில்லை என்பதில் இருக்கிறது.

விண்ணப்பத்தில் சுற்றுச்சூழல் துறைச் செயலாளர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உறுப்பினர் செயலர், மாவட்ட ஆட்சியர், ஊராட்சி ஆகியோரை எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். ஆலைகளையும் சேர்க்கத்தான் வேண்டும். அவர்களைக் கேளாமல் அவர்களைப் பாதிக்கும் ஆணை போட முடியாது. அதற்காக மூடச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. ஓடையிலும் கிணற்றிலும் உங்கள் முன்னிலையில் மாதிரி எடுத்து அறிக்கை நகல் தர வேண்டும், முடிவு வரும்வரை அரசு செலவில் தெருவுக்குக் குடிநீர் தர வேண்டும், பொது சுகாதாரத் துறை வீடு வீடாக உடல்நலக் கணக்கெடுப்பு நடத்த வேண்டும், இழப்பை மதிப்பிட வேண்டும், இவற்றைச் செய்து முடித்ததாகக் குறிப்பிட்ட தேதியில் பிரமாணப் பத்திரம் போட வேண்டும் என்று கேளுங்கள். கொழுந்தனாரின் வேலைக்கு இதனால் ஆபத்து வருவதைவிட, ஒரு நாள் திடீரென்று எல்லா ஆலைக்கும் பூட்டு விழுந்தால் வரும் ஆபத்து பெரிது. சாயக்கழிவு விவகாரத்தில் 2011-இல் திருப்பூருக்கு நடந்தது அதுதான்.

குடிநீருக்கு நிதி இல்லை என்று சொன்னால் அசைந்துகொடுக்காதீர்கள். 1980-லேயே ரத்லாம் நகராட்சி வழக்கில் நீதிபதி கிருஷ்ண ஐயர் அந்தச் சாக்குக்குப் பதில் எழுதிவிட்டார்: மக்கள் நலக் கடமையிலிருந்து தப்பிக்க நிதிப் பற்றாக்குறை காரணம் ஆகாது.

தீர்ப்பாயம் பெரும்பாலும் ஒரு கூட்டுக்குழு அமைத்து அறிக்கை கேட்கும். வேலை செய்யாத அதே வாரியமே அந்தக் குழுவில் இருக்கும். இந்த முறையின் பலவீனம் இது. குழுவில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பிரதிநிதியும் வேண்டும் என்று முதல் நாளே கேளுங்கள். ஆய்வு தேதியை உங்களுக்கு முன்கூட்டித் தெரிவிக்கவும் கோருங்கள். மழை இல்லாத நாளில், ஆலைகளுக்குச் சொல்லிவிட்டு வந்து பார்த்தால் ஓடை சுத்தமாகத்தான் இருக்கும். அறிக்கை வந்ததும் ஆட்சேபத்தை எழுத்தில் போடுங்கள், வாய்மொழியாக விட்டுவிடாதீர்கள். ஆணை வந்த பிறகும் ஒரு துறை அதை மீறினால், அத்துறையின் தலைவரையே குற்றவாளியாகக் கருத பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதிகாரிகள் நிமிர்ந்து உட்காருவது பெரும்பாலும் அப்போதுதான்.

வக்கீல் கட்டணத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். ஆதார் நகல், பட்டா அல்லது வீட்டு வரி ரசீது, மனு ஒப்புகைகள், ஓ.பி. சீட்டுகள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கு என்று சொன்னால் சென்னைக்கு எழுதி வழக்கறிஞரை நியமிக்கச் சொல்லலாம். அதற்கு நாள் பிடிக்கும் என்பதால் காலக்கெடு பங்குனியில் முடிகிறது என்று விண்ணப்பத்தின் தலைப்பிலேயே எழுதுங்கள். தகவல் அறியும் உரிமைப் பதிலும் ஆய்வக அறிக்கையும் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அவற்றைப் பிறகு கூடுதல் ஆவணங்களாகத் தாக்கல் செய்துகொள்ளலாம்.