வில்லிஸ்டன்ல என்னதான் இருக்கு? (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம் அக்கா,

உங்க ஆர்வி (படுக்கை, சமையக்கட்டு எல்லாம் இருக்கற வீட்டு வண்டி) பயணத் தொடர் படிச்சேன். யெல்லோஸ்டோனுக்கு மூணு பகுதி, நார்த் டகோட்டா எண்ணெய் ஊர் வில்லிஸ்டனுக்கு "ரெண்டு ராத்திரி தங்கினோம், தூங்கல"ன்னு ஒரே வரி. குழந்தையைக் கூட்டிட்டு அங்க ஏன் போனீங்க? ஜூன்ல நாங்க மினியாபோலிஸ்ல இருந்து கிளேசியர் பார்க் போறோம், ஹைவே 2 அந்த ஊர் வழியாத்தான் போகுது. நிக்கலாமா?

தம்பி,

அந்த ஒரு வரி சோம்பேறித்தனம்தான். வில்லிஸ்டன்ல எடுத்த போட்டோ மொத்தமே ஆறு, அதுல ரெண்டு என் கட்டைவிரல்.

போனது 2019 செப்டம்பர். எங்க வீட்டுக்காரருக்கு அந்தப் பக்கத்துல பூமிக்கடியில எண்ணெய் பிடிச்சு வச்சிருக்கற பாக்கன் பாறைன்னா பைத்தியம், ரெண்டு மைல் கீழ துளைச்சு அங்கேருந்து படுக்கவாட்டுல இன்னும் ரெண்டு மைல் போயி, தண்ணியும் மணலும் அழுத்தி பாறைய விரிசல் விட வச்சு எண்ணெய் எடுக்கறத வண்டி ஓட்டிக்கிட்டே பாடம் எடுத்துட்டு வந்தாரு. எண்ணெய் 1951லயே பக்கத்து ஊரு டயோகாகிட்ட கெடச்சிருச்சு, ஆனா இந்த வித்தை படிஞ்சப்புறம்தான் ஊரு பொங்கிருக்கு. 2010 சென்ஸஸ்ல 14,716 பேரு, 2020ல 29,160. வந்தவங்களுக்கு வீடு ஏது? 2014ல ஒரு பெட்ரூம் வாடகை 2,000 டாலரைத் தாண்டி நியூயார்க்கையே முந்திருச்சு. நெறையப் பேரு ஆர்வியிலயும் மேன் கேம்ப்லயும் (வேலையாளுங்க தங்கற தற்காலிகக் குடியிருப்பு)தான் கெடந்திருக்காங்க. அப்புறம் 100 டாலருக்கு மேல வித்த ஒரு பேரல் எண்ணெய் 2016 ஆரம்பத்துல 30க்கும் கீழ, வந்த வேகத்துலயே கெளம்பினவங்க நெறைய.

நாங்க வண்டிய நிறுத்தின ஆர்வி பார்க்குல, எங்க பக்கத்து இடத்துல கெளம்பாத ஒருத்தர் இருந்தாரு. ஆர்வின்னு சொன்னாத்தான் தெரியும், சக்கரமே வெளிய தெரியல, குளிர் அடியில போகாம இருக்க சுத்தி பிங்க் கலர் ஃபோம் போர்டு அடிச்சிருந்தாரு, தண்ணி ஹோஸ் முழுக்க உறையாம இருக்க சூடாக்கற ஹீட் டேப், மரப் பேலட்ல படி, அதுமேல சேறு காய்ஞ்ச பூட்ஸ். குளிர்காலத்துல மைனஸ் 30 போகுமாம், ஹோஸ் உறைஞ்சா அன்னிக்கு குளியல் கெடையாது. என் பையன் நேரா போயி "அங்கிள், உங்க ட்ரிப் எப்ப முடியும்?"னு கேட்டுட்டான். எனக்கு பூமிக்குள்ள போயிடலாம் போல ஆயிருச்சு. அவரு சிரிக்கல, விரல் விட்டு எண்ணி, "பொண்ணு காலேஜ் முடிக்க இன்னும் ரெண்டு வருஷம்"னாரு. ஆறு மாசம்னு சொல்லிட்டு 2012ல வந்தவராம்.

தூக்கம் போனது வேற கதை. எண்ணெயோட சேந்து வர்ற கேஸைக் கொண்டுபோக பைப்லைன் பத்தாம கெணத்துப் பக்கத்துலயே கொளுத்தி விட்டுடறாங்க, 2011 வாக்குல வந்த கேஸ்ல மூணுல ஒரு பங்கு அப்படியே எரிஞ்சு போயிருக்கு. ராத்திரி பூரா திரைச்சீலை ஆரஞ்சு கலரு, கல்யாண மண்டபத்து சமையக்கட்டு அடுப்பு மாதிரி ஹோன்னு ஒரே சத்தம்.

நில்லுங்க தம்பி, ஒரு ராத்திரியாவது. ஆர்வில போறதா இருந்தா ஹூக்கப் (தண்ணி, கரண்ட் இணைப்போட வண்டி நிறுத்தற இடம்) முன்னாடியே புக் பண்ணிருங்க. மறுநாள் ஹைவே 85ல தெக்க எறங்கினா வாட்ஃபோர்ட் சிட்டி தாண்டி தியோடர் ரூஸ்வெல்ட் பார்க்கோட நார்த் யூனிட், காட்டெருமை ரோட்டுலயே நிக்கும். ஆனா அந்த ரோட்டுல டேங்கர் லாரிக்குப் பின்னாடி மட்டும் ஒட்டிப் போகாதீங்க, கல்லு தெறிச்சு கண்ணாடி விரிஞ்சு எங்க வாடகை வண்டி டெபாசிட் போனது போனதுதான்.