பித்தப்பை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் சின்னக் கற்கள் தவறிப்போவது ஏன், எப்படித் தவிர்ப்பது?

பெரும்பாலும் கல் படத்தில் இருக்கும். அதன் பின்னால் விழவேண்டிய நிழல்தான் இருக்காது. ஒலிக்கற்றை கல்லைவிட அகலமாக இருந்தால், கல்லின் ஓரமாகக் கடந்து போகும் ஒலி அந்த நிழலை நிரப்பிவிடும். அதனால் முதலில் ஃபோகஸை, அதாவது கற்றை குவியும் இடத்தை, கல்லின் ஆழத்துக்கே கொண்டுவாருங்கள். கற்றை அங்கேதான் மிகக் குறுகலாக இருக்கும். ஒல்லியானவர் என்றால் ஒலியின் அதிர்வெண்ணை 3 மெகாஹெர்ட்ஸில் நிறுத்தாமல் 5-க்கு ஏற்றிப் பாருங்கள். ஆழம் எட்டாவிட்டால் இறக்கிக்கொள்ளலாம்.

பலர் கவனிக்காதது காம்பவுண்ட் வசதி. பல கோணங்களில் எடுத்த படங்களைச் சேர்த்துப் படத்தை வழவழப்பாக்கும், ஆனால் நிழலை மங்கடித்துவிடும். கல்லைத் தேடும்போது அதை அணைத்துவிடுங்கள். கெயின் (திரும்பி வரும் எதிரொலியைப் பெருக்கும் அளவு) கூடினாலும் நிழல் வெளுக்கும். பித்தநீர் கறுப்பாகத் தெரியும்வரை குறையுங்கள்.

நோயாளி குறைந்தது 6 மணி நேரம் சாப்பிடாமல் வந்திருக்க வேண்டும். சுருங்கிய பையில் தேடிப் பயனில்லை. மல்லாந்த நிலையோடு விடாமல், இடப்பக்கம் ஒருக்களிக்கச் சொல்லிக் பித்தப்பையின் குறுகிய கழுத்துப் பகுதியையும் பாருங்கள். உருண்டு, நிழலும் விழுந்தால் கல். சுவரில் ஒட்டியபடி நிழலின்றி இருந்தால் பாலிப்பாக (சுவரில் வளரும் சிறு சதை) இருக்கலாம். கழுத்தில் சிக்கிய கல்லும் நகராது. அங்கே நிழலைத்தான் நம்ப வேண்டும்.