அமெரிக்காவில் போலீஸ், தீயணைப்பு வீரர்களின் கூட்டுப் பேர உரிமையை (சங்கமாகச் சேர்ந்து சம்பளம், வேலை நிலைமை பற்றிப் பேசி ஒப்பந்தம் போடும் உரிமையை) யார் தீர்மானிப்பது?

மாநிலங்கள்தான். இந்த உரிமையைத் தரும் 1935-இன் தேசியத் தொழிலுறவுச் சட்டம் தனியார் துறைக்கானது. மாநில, நகர அரசுகளை 'முதலாளி' என்ற வரையறையிலிருந்தே அது விலக்கிவிட்டது. அதனால் மாநிலத்துக்கு மாநிலம் கதை வேறு. வட கரோலினாவில் 1959 முதல், அரசு அமைப்பு தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டாலும் செல்லாது. டெக்சாஸில் 1973 சட்டப்படி உள்ளூர் வாக்காளர்கள் ஓட்டுப் போட்டு ஏற்றால் இந்த உரிமை உண்டு. (சான் அந்தோனியோவில் போலீசுக்கு இருந்த இந்த உரிமையை நீக்க 2021-இல் நடந்த ஓட்டெடுப்பு நூலிழையில் தோற்றது.) வர்ஜீனியா 2021 மே மாதத்திலிருந்துதான் முடிவை நகர, மாவட்ட மன்றங்களிடம் விட்டது.

சரி, மத்திய அரசு தலையிட முடியாதா? சம்பள விஷயத்தில் ஏற்கெனவே தலையிடுகிறது: குறைந்தபட்சக் கூலி, ஓவர்டைம் விதிகள் நகர அரசுகளையும் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் சொல்லிவிட்டது. கூட்டுப் பேரத்துக்கும் நாடு முழுவதும் ஒரு அடிப்படை வைக்க ஒரு மசோதா வந்தது. 2007-இல் பிரதிநிதிகள் சபையில் 314-97 என்று நிறைவேறியது, அப்புறம் செனட்டில் முடங்கியது. அந்த மசோதா வேலைநிறுத்த உரிமை தரவில்லை. போதிய சட்டம் உள்ள மாநிலங்களைத் தொடவும் இல்லை. இதனால் செலவு கூடுமோ என்ற நகராட்சிகளின் பட்ஜெட் கவலை நியாயமானதே. ஆனால் இவ்வளவு மிதமான மசோதாவை 'வாஷிங்டனின் ஆக்கிரமிப்பு' (மத்திய அரசு மாநில உரிமையில் கை வைப்பது) என்று சொல்வது எனக்கு மிகையாகவே படுகிறது.