மச்சான் கைமாத்தும் பஸ் பேட்டரியும்

கேள்வி: காங்கேயத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். தறிகளை விற்றுவிட்டுப் பழைய காலேஜ் பஸ் ஒன்றை வாங்கினேன். கரூரில் பாடி கட்டி, 6 பேர் படுக்கும்படி மாற்றி, வால்பாறை, ஊட்டி என்று குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். மாதம் 5 டிரிப் ஓடும். டீசல், டிரைவர் போக டிரிப்புக்கு 3,500 ரூபாய் நிற்கும். லைட், ஃபேன், ஃப்ரிட்ஜுக்காகப் படுக்கைக்கு அடியில் 150 ஏஎச் (ஆம்பியர்-ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி இரண்டு வைத்தோம். முதலில் தண்ணி ஊற்றும் டியூபுலர், ஜோடி 30,000 ரூபாய். 14 மாதத்தில் போய்விட்டது. அடுத்து சீல் பேட்டரி, 42,000 ரூபாய். 11 மாதம்தான் வந்தது. மனைவியின் அண்ணன் லித்தியம் போடச் சொல்கிறார். 1,10,000 ரூபாய், வட்டியில்லாத் தவணையாம். பஸ் வாங்கும்போது வட்டியில்லாமல் 1 லட்சம் கொடுத்து உதவியவர். மாதம் இரண்டு தடவை பழனி, திருச்செந்தூர் என்று குடும்பத்தோடு பஸ்ஸை எடுத்துப்போவார். டீசல் மட்டும் போட்டுக்கொள்வார். உள்ளேயே இண்டக்‌ஷனில் சமையலும் நடக்கும். அந்த ஞாயிறுகளில் வந்த பார்ட்டிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நகைக்கடன் 2,40,000 ரூபாய் ஒரு வட்டியில் இருக்கிறது. அதிலேயே இன்னும் கொஞ்சம் ஏற்றி வாங்கலாமா? எந்த பேட்டரி நல்லது?

பதில்: எந்த பேட்டரி என்பதற்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் ஒரே மூச்சில் கடந்துபோன விஷயம் அந்த 1 லட்சம்.

வட்டி வாங்காத பணம் என்கிறீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மச்சான் எடுத்துப்போகும் இரண்டு நாளில் ஒன்றுக்குத்தான் வாடகை பார்ட்டி கிடைத்திருக்கும் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். மாதம் 3,500 போகிறது. பேட்டரிக்கு 25 மாதத்தில் 72,000 செலவழித்திருக்கிறீர்கள், அதாவது மாதம் கிட்டத்தட்ட 2,900. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் டியூபுலர் ஜோடி நான்கு வருஷம் ஓடும். மாதம் 650-க்குள் அடங்கிவிடும். மிச்சத்தில் எல்லாப் பழியையும் அவர்மேல் போட வேண்டாம், 1,500 மட்டும் எழுதுங்கள். ஆக மாதம் 5,000. ஒரு லட்சத்துக்கு மாதம் 5,000 என்றால் அது அஞ்சு வட்டி. கந்துவட்டிக்குத் தடைச் சட்டம் வந்தது 2003-ல். இங்கே அது வட்டி என்ற பெயரில் வரவில்லை, அவ்வளவுதான். நீங்கள் பயப்படும் நகைக்கடனே ஒரு வட்டிதான்!

பேட்டரி ஏன் சீக்கிரம் போகிறது என்பதும் இதற்குள்தான் இருக்கிறது. 12 வோல்ட், 150 ஏஎச் என்றால் 1,800 வாட்-ஹவர். இரண்டுக்கு 3,600. ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். அப்படியானால் கையில் இருப்பது 1,800. ராத்திரி ஃப்ரிட்ஜுக்கு 500, நான்கு ஃபேனுக்கு 950, லைட்டுக்கும் செல்போனுக்கும் 200. மட்டுமட்டாகத் தாங்கும். இண்டக்‌ஷன் அடுப்பு ஒரு மணி நேரம் முழு வேகத்தில் எரிந்தால் அது ஒன்றே 1,800-ஐத் தின்றுவிடும். ஞாயிறு ராத்திரி பேட்டரியைக் காலியாக்கிக் கொண்டுவந்து நிறுத்தினால், அடுத்த வாடகை வரும்வரை அப்படியே கிடக்கும். அந்த நாலைந்து நாளில் உள்ளே இருக்கிற ஈயத் தகட்டில் சல்பேட் என்ற உப்பு இறுகத் தொடங்கும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழையபடி ஏறாது.

லித்தியம் இதைத் தாங்குமே என்பார் மச்சான். ஈயத்தைவிட நன்றாகவே தாங்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இலவச டிரிப்பைத் தாங்க 1,10,000 ரூபாய்க்குப் பொருள் வாங்குவது என்ன கணக்கு? அதை ஆல்டர்னேட்டரில் (பஸ் ஓடும்போது சார்ஜ் ஏற்றும் ஜெனரேட்டர்) நேராகக் கொடுக்கவும் கூடாது, நடுவில் தனி சார்ஜர் வேண்டும், அதற்கு வேறு செலவு. வட்டியில்லாத் தவணை என்பதை நம்பாதீர்கள். அப்படி ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. விலையிலோ, பிராசஸிங் கட்டணத்திலோ வட்டி ஒளிந்திருக்கும். ரொக்கத்துக்கு என்ன விலை என்று அதே கடையில் கேளுங்கள், தெரிந்துவிடும்.

இனி மச்சான் எடுக்கும் ஒவ்வொரு டிரிப்புக்கும் 3,500 ரூபாயைக் கைமாத்தில் கழித்துக்கொள்ளுங்கள். மாதம் இரண்டு எடுத்தால் 7,000. பதினைந்து மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். கணக்கு எழுத ஆரம்பித்ததும் அவர் டிரிப்பைக் குறைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, அந்த நாளுக்கு வாடகை வரும், அதிலிருந்து கைமாத்தைக் கட்டலாம். இதை நீங்களே நேரில் சொல்லுங்கள். வீட்டுக்காரம்மாவைத் தூது அனுப்ப வேண்டாம். அண்ணன் தங்கை நடுவில் கணக்கு புகுந்தால் தீபாவளிச் சீர் வரைக்கும் அது நீளும்.

நகைக்கடனில் மேலே ஏற்றவே ஏற்றாதீர்கள். வருஷம் 28,800 வட்டி கட்டி மறுபடி வைக்கிறீர்கள், அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. செத்த பேட்டரிகளை எக்ஸ்சேஞ்சில் போட்டால் சில ஆயிரம் குறையும். பாக்கியை இரண்டு மாத வாடகையில் சேர்க்கலாம். அதுவரை பகல் டிரிப் மட்டும் ஓட்டுங்கள்.

சரி, பேட்டரிக்கு வருவோம். படுக்கைக்கு அடியில்தான் வைப்பேன் என்றால் சீல் மட்டும்தான். தண்ணி ஊற்றும் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், மலை வளைவில் ஆசிட் சிந்தும். தூங்குகிறவர்களுக்குக் கீழே அது இருக்கவே கூடாது. பக்கத்து டிக்கியில் காற்றோட்டம் வைத்து, இழுக்கிற மாதிரி ஒரு டிரே அடித்துக் கொடுப்பார்கள் என்றால் டியூபுலரே போதும். உங்கள் முதல் ஜோடியில் டிரைவர் போர் தண்ணியை ஊற்றியிருக்க வாய்ப்புண்டு. நம் பக்கத்து உப்புத் தண்ணி பேட்டரிக்கு விஷம். டிஸ்டில்டு வாட்டர் கேன் ஒன்று டிக்கியிலேயே கிடக்கட்டும். சீல் பேட்டரி சீக்கிரம் போனதற்கு இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. இன்வெர்ட்டரின் பின்பக்கம் பேட்டரி வகையை மாற்றும் சின்ன ஸ்விட்ச் இருக்கும். அது டியூபுலரிலேயே இருந்தால் அதிக வோல்டேஜ் ஏறி உள்ளே இருக்கிற ஈரம் போய்விடும். சீல் பேட்டரியில் அதைத் திரும்ப ஊற்ற வழியில்லை. எந்த வகை வாங்கினாலும் முதலில் அந்த ஸ்விட்சைப் பாருங்கள்.

இரண்டு 12 வோல்ட் பேட்டரியும் வரிசையாகச் சேர்ந்தால் 24 வோல்ட். அதற்குக் கீழே இறங்கினால் தானே அணைந்துவிடும் கட்-ஆஃப் ஒன்றும் போடுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் கிட்டத்தட்ட 21 வரைக்கும் இறக்கிவிடும். பாட்டுப் பெட்டிக்கு இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்திருந்தால் அதைக் கழற்றச் சொல்லுங்கள், அந்த ஒன்றுதான் முதலில் சாகும். பில் போடும் முன் பஸ்ஸில் வைத்தால் வாரண்டி உண்டா என்று கேட்டு, அட்டையிலேயே எழுதி வாங்குங்கள்.