90-க்கு மேல் போனால் கார் கும்மென்று உறுமுகிறது, என்ன கோளாறு?

கேள்வி இது: வாராவாரம் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு நாலுவழிச் சாலையில் காரில் போகிறேன். 85, 90-ஐத் தாண்டியதும் அடியிலிருந்து கும்மென்று ஓர் உறுமல், கால் வைக்கிற இடத்தில் லேசான அதிர்வு. வீல் பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டும் பார்த்தாகிவிட்டது. போகவில்லை. அடுத்து எங்கே பார்ப்பது?

பேலன்சிங் பார்த்தும் போகவில்லை, ஆட்டத்தைவிடச் சத்தம்தான் பெரிதாக இருக்கிறது என்கிறீர்கள். என் முதல் சந்தேகம் வீல் பேரிங் மேல்தான், சக்கரம் உராயாமல் சுழல்வதற்காக உள்ளே குண்டுகளோடு இருக்கும் வளையம் அது. அடுத்தது டயர். இந்த இரண்டில் எது என்று பிரித்துப் பார்க்காமல் யார் எதை மாற்றச் சொன்னாலும் பணத்தை எடுக்காதீர்கள்.

பேலன்ஸ் சரியில்லாத சக்கரம் உதறும், ஆனால் அவ்வளவாக உறுமாது. 185/65 ஆர்15 அளவு டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.95 மீட்டர் ஓடும். 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 14 சுற்று. ரிம் ஓரத்தில் 30 கிராம் கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது நாலரைக் கிலோ பாரத்துக்குச் சமமாகச் சக்கரத்தை வெளியே இழுக்கும். 50-ல் போகும்போது அதே 30 கிராம் இழுப்பது ஒரு கிலோ சொச்சம்தான், வேகம் இரட்டித்தால் இழுப்பு நாலு மடங்காகிவிடும். ஊருக்குள் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு நாங்குநேரிப் பக்கம் போனதும் ஸ்டீயரிங் ஆடுவது இதனால்தான். ஆனால் நொடிக்கு 14 என்பது கைக்குத் தெரிகிற ஆட்டம், காதுக்குக் கேட்கிற சத்தம் இல்லை. பேரிங் கெட்டால் கதை வேறு. உள்ளே இருக்கும் குண்டுகள் ஒவ்வொன்றும் தேய்ந்த பள்ளத்தில் விழுந்து எழும்போது ஓர் அடி. ஒரு சுற்றுக்குப் பல அடி விழுவதால் அது உறுமலாகக் கேட்கிறது. தேய்மானம் அலை அலையாக விழுந்த டயரும் இதே மாதிரிதான் உறுமும். குழப்பமே இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

முதலில் ஓட்டிப் பார்த்துச் சோதியுங்கள். கூட ஒருவரைப் பின் இருக்கையில் உட்கார வையுங்கள், சத்தம் முன்னாலா பின்னாலா என்று அவர் சொல்லட்டும். நாங்குநேரிக்கும் வள்ளியூருக்கும் இடையில் நேரான சாலை, காலையில் வண்டியும் குறைவு. ஆனி ஆடியில் பணகுடி, காவல்கிணறு பக்கம் போய்ச் சோதிக்காதீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று காரையே பக்கவாட்டில் தள்ளும். எது காற்று, எது கோளாறு என்று பிரிக்கவே முடியாது.

சத்தம் வந்ததும், அதே வேகத்தில் ஐந்தாம் கியரிலிருந்து நாலுக்கு மாற்றுங்கள். இன்ஜின் சுற்று ஏறும், சக்கரத்தின் சுற்று மாறாது. உறுமலும் மாறாமல் இருந்தால் இன்ஜின் மவுண்டிங், சைலன்சர் எல்லாவற்றையும் மறந்துவிடலாம். இதற்காக ஓடும் காரில் இன்ஜினை அணைக்காதீர்கள். பவர் ஸ்டீயரிங்கும் பிரேக்குக்கு உதவுகிற பூஸ்டரும் போய்விடும்.

அப்புறம் தரையைக் கவனியுங்கள். புதுத் தார் போட்ட இடத்திலிருந்து பழைய சொரசொரப்பான இடத்துக்குப் போகும்போது சத்தத்தின் தன்மை மாறினால் பெரும்பாலும் டயர். எந்தத் தரையிலும் ஒரே மாதிரி கேட்டால் பேரிங். பின்னால் வண்டி இல்லாத நேரம் பார்த்து, மெதுவாக ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்துக்கு மாறுங்கள். வலப்பக்கம் திருப்பினால் பாரம் இடப்பக்கச் சக்கரங்களில் ஏறும். அப்போது உறுமல் கூடினால் இடப்பக்கப் பேரிங், இடப்பக்கம் திருப்பும்போது கூடினால் வலப்பக்கப் பேரிங். சில பேரிங் இதற்கு நேர்மாறாகவும் காட்டும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

என் காரில் நடந்ததைச் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த பேய்மழையில் தாமிரபரணி கரை புரண்டபோது, வீட்டு வாசலில் நின்ற காரின் பாதிச் சக்கரம் வரை தண்ணீர். இன்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை, வண்டி நன்றாக ஓடியது. சில மாதம் கழித்து உங்களுக்கு வருகிற அதே சத்தம் ஆரம்பித்தது. பேரிங்கின் சீல் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் போதும், சேற்றுத் தண்ணீர் உள்ளே போய்விடும். கிரீஸ் கெட்டு, துரு பிடித்து, குண்டு ஓடுகிற வளையம் அரிக்கப்படும். அந்த வெள்ளத்தில் நின்ற வண்டி, அல்லது அதற்குப் பிறகு இந்தப் பக்கம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால் உங்களுக்கும் இதே சந்தேகம் வர வேண்டும்.

காட்டிய முதல் கடையில் நாலு டயரையும் மாற்றச் சொன்னார்கள். டயரில் இன்னும் பாதிக்கு மேல் பட்டை இருந்தது. நான் மாற்றவில்லை, முன் டயர்களைப் பின்னாலும் பின்னவற்றை முன்னாலும் போட்டுத் தரச் சொன்னேன். டயர் கோளாறு என்றால் சத்தம் இடம் மாற வேண்டும். மாறவில்லை. இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு டயரின் விலையில் ஒரு துளிதான், கேட்டு வாங்கிச் செய்யுங்கள்.

அடுத்து பாளையங்கோட்டையில் ஒரு சின்னப் பட்டறை. அங்கிருந்த அண்ணாச்சி முன் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, பக்கத்தில் கட்டை முட்டுக் கொடுத்து, நியூட்ரலில் போட்டார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். துளி ஆட்டம் இல்லை. அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். "தம்பி, இந்த ஸ்பிரிங்கப் பிடிங்க" என்று என் கையை இழுத்து ஷாக் அப்சார்பரைச் சுற்றியிருக்கும் காயில் ஸ்பிரிங் மேல் வைத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டார். காதில் ஒன்றும் கேட்கவில்லை. விரல்களில் மட்டும், அம்மியில் மணல் அரைபடுகிற மாதிரி நறநறவென்று ஓர் அதிர்வு ஓடியது. "இப்ப அந்தப் பக்கம் பிடிங்க" என்றார். அடுத்த சக்கரத்தில் அந்த நறநறப்பு சுத்தமாக இல்லை.

ஆட்டம் இல்லை என்பதால் பேரிங் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். இப்போது வருகிற சீல் போட்ட பேரிங்குகள் ஆட்டம் வருவதற்கு வெகுநாள் முன்பே உறும ஆரம்பித்துவிடும். ஆட்டமே வந்துவிட்டால் அது ஓட்டுகிற நிலை இல்லை.

மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். சுத்தியலால் அடித்து இறக்கக் கூடாது, பிரஸ்ஸில் வைத்துத்தான் இறக்க வேண்டும். அதுவும் நக்கிளுக்குள், அதாவது சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கூட்டுக்குள், இறக்கும்போது பேரிங்கின் வெளிவளையத்தை அழுத்த வேண்டும். உள்வளையத்தை அழுத்தினால் பாரம் முழுக்கக் குண்டுகள் வழியாகப் போய், புதுப் பேரிங்கே சீக்கிரம் சத்தம் போடும். பட்டறையில் பிரஸ் இல்லையென்றால் லேத்துப் பட்டறைக்குக் கொடுத்துச் செய்வார்கள், அது நல்லதுதான். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதி) உள்ள பல கார்களில் பேரிங்கின் ஒரு பக்க சீலில் காந்த வளையம் இருக்கும். அது சென்சார் பக்கம் வர வேண்டும். திருப்பிப் போட்டால் டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரியும், மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான்.

பேரிங்கும் இல்லை, டயரும் இல்லை என்றால் மற்றவை. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் அதிர்ந்து, காலை எடுத்ததும் அடங்கினால் டிரைவ் ஷாஃப்ட்டின், அதாவது கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டின், உள்பக்க ஜாயின்ட். பிரேக் பிடிக்கும்போது மட்டும் என்றால் டிஸ்க். வயற்காட்டுப் பாதையில் போய் வருகிற வண்டி என்றால் ரிம்மின் உள்பக்கத்தில் சேறு காய்ந்து ஒட்டியிருக்கிறதா பாருங்கள், பேலன்சிங் பார்த்த மறுநாளே கெடுவதற்கு அது போதும்.

இதையெல்லாம் செய்யும் முன்னால் ஒரு வேலை, இன்றைக்கே செய்யுங்கள். நாலு டயரையும் உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டும் கையால் தடவுங்கள். எங்காவது புடைப்பு தட்டுப்பட்டாலோ, 20, 30 வேகத்திலேயே தொப்பு தொப்பென்று தட்டினாலோ உள்ளே பெல்ட், அதாவது ரப்பருக்குள் இருக்கும் கம்பி அடுக்கு, பிரிகிறது என்று அர்த்தம். அந்த டயரில் நாகர்கோவில் போகாதீர்கள், ஸ்டெப்னியைப் போட்டு நேராக டயர் கடைக்குப் போங்கள். டயரின் பக்கச் சுவரில் டாட் (DOT) என்று ஆரம்பிக்கும் வரிசையின் கடைசி நாலு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 1819 என்றிருந்தால் 2019-ன் 18-வது வாரத்தில் செய்தது. அந்த எண்ணையும், தடம் மாறும்போது எந்தப் பக்கம் சத்தம் கூடியது என்பதையும் எழுதினால், அடுத்து எந்தச் சக்கரத்தைத் தூக்கிப் பார்ப்பது என்று சொல்கிறேன்.